மணிலாவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவை முடிந்த கையோடு நீங்களே எழுதிய கடிதம் கிடைத்தது; எழுத்து முன்னைவிடத் திருத்தமாக இருக்கிறது. மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில் இரத்தக்கறை படிந்த அந்தத் துணியின் முன் நெடுநேரம் நின்றதாகவும், வெறியேறிய சிலரின் சதி அத்தனை பெரிய உயிரைக் குடித்துவிட்டதே என்று மனம் ஆறவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே நான் நாள்தோறும் கடந்துபோகும் கொலையில் சதிகாரர் என்று எவருமில்லை. எல்லாம் நீதிமன்றம், முத்திரை, கையொப்பம் என்று முறைப்படி நடந்தது. எனக்கு அதுதான் கூடுதலாக உறுத்துகிறது.

மணிலா என்றால் நம் திண்டிவனம் பக்கத்தில் வேர்க்கடலைதானே. மகன் வீட்டுக்கு வரும்வரை எனக்கும் இந்த ஊரைப் பற்றி அதற்குமேல் தெரியாது. சாந்தியாகோ கோட்டைச் சிறையிலிருந்து, ஸ்பானியர் ஆண்ட காலத்தில் வாழ்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரர் ஓசே ரிசால் கொலைக்களத்துக்கு நடந்த வழியில் வெண்கலக் காலடித் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றை மிதிக்க மனமில்லாமல் ஓரமாகவே நடக்கிறேன்.

உங்கள் கண் நலமாகிவரும் வேளையில் இதைச் சொல்ல வேண்டும்: ரிசால் கண் மருத்துவர். தாயின் பார்வை மங்கியதைக் கண்டு அந்தப் படிப்பைத் தேர்ந்து, பாரிசிலும் ஹைடல்பர்க்கிலும் பயின்று, பின்னர் தாய்க்குத் தம் கையாலேயே அறுவை செய்தவர். ஸ்பானிய ஆட்சியையும் பாதிரிமாரின் அதிகாரத்தையும் தோலுரித்து இரண்டு நாவல்கள் எழுதினார்; அவர் ஏந்திய ஆயுதம் அவ்வளவுதான். 1892 ஜூலையில் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தொடங்கிய சில நாட்களிலேயே அவரைத் தெற்கே மிண்டனாவோ தீவின் டபிடான் ஊருக்கு நாடுகடத்தினார்கள். அங்கும் பள்ளி நடத்தி, நோயாளிகளைப் பார்த்து, ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்து நான்காண்டுகளைக் கழித்தார்.

1896-இல் புரட்சித் தலைவர் பொனிபாசியோவின் இரகசிய விடுதலை இயக்கம் ஆயுதப் போருக்கு ஆதரவு கேட்டுத் தூதனுப்பியபோது, மக்கள் இதற்கு ஆயத்தமாக இல்லை என்று மறுத்தார். ஆகஸ்டில் கலகம் மூண்டபோது, கியூபாவில் ஸ்பானியப் படைக்கு மருத்துவராகப் பணிபுரிய அனுமதி பெற்று, மணிலா விரிகுடாவில் அவர்களுடைய போர்க்கப்பலிலேயே காவலில் இருந்தார். அப்படிப்பட்டவரைத்தான் ஸ்பெயின் போகும் வழியில் கைதுசெய்து திருப்பிக் கொண்டுவந்து, கலகத்துக்கு மூலவர் என்று குற்றஞ்சாட்டினார்கள். அவரைக் கேளாமலே இயக்கத்தார் அவர் பெயரைக் கௌரவத் தலைவராகப் பயன்படுத்தியது குற்றத்துக்குச் சான்றாயிற்று. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் விடவில்லை.

டிசம்பர் 15-ஆம் நாள் சிறையிலிருந்து கலகத்தைக் கண்டித்து நாட்டு மக்களுக்கு அவர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். இவர் காலம் பொருந்தவில்லை என்றுதான் கண்டிக்கிறாரே தவிர விடுதலை என்னும் எண்ணத்தையே கண்டிக்கவில்லை என்று இராணுவச் சட்ட அதிகாரி கருத்துரைக்க, அறிக்கை வெளிவராமல் போயிற்று. நண்பரே, எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த அதிகாரி சரியாகத்தான் படித்திருக்கிறார்! கத்தியை வேண்டாமென்றவர் விடுதலையை வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்களால் பொறுக்க முடியாதது அதுதான்.

டிசம்பர் 30 காலை, முப்பத்தைந்து வயதில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுடுவதற்குச் சற்றுமுன் இராணுவ மருத்துவர் ஒருவர் நாடி பிடித்துப் பார்த்தார். அது இயல்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. துரோகிக்குரிய முறையில் முதுகில் சுட வேண்டும் என்பது ஆணை. முன்னிருந்து சுடுமாறு அவர் கேட்டதை மறுத்துவிட்டார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் அவருடைய நாட்டவரே. அவர்கள் தயங்கினால் சுடுவதற்காகப் பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள் நின்றார்கள். குண்டு பாய்ந்த கணத்தில் உடலைத் திருப்பி, முகம் வானை நோக்கி இருக்க விழுந்தார். உடலைக் குடும்பத்தாரிடம் கொடுக்காமல் பாகோ கல்லறைத் தோட்டத்தில் பெட்டிகூட இல்லாமல் புதைத்துவிட, தமக்கை நார்சிசா புதுமண் கிளறிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, காவலாளுக்குக் கையில் ஏதோ கொடுத்து, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் தலைகீழ் வரிசையில் பொறித்த அடையாளக் கல் ஒன்றை வைக்கச் செய்தார்.

முந்தைய நாள் பார்க்க வந்த தங்கை திரினிதாதிடம் சிறிய எரிசாராய அடுப்பு ஒன்றைத் தருவதாகச் சொல்லி, காவலனுக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் “உள்ளே ஏதோ இருக்கிறது” என்றிருக்கிறார். பதினான்கு பத்திகள் கொண்ட அவருடைய கடைசிக் கவிதை அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வரும் ஞாயிறு பாகோவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். அடுத்த கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்