உன் பற்களைப் பார்த்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

யாங்கோனிலிருந்து அம்மா எழுதுவது. தொலைபேசியில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் குரல் உடைந்துவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு நீ சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது, மாங்காயைக் கீற்றாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தேன். சிறு வயதில் தட்டோடு பிடுங்கிக்கொண்டு ஓடியவள், ஒரே ஒரு கீற்றைக் கடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாய். அன்று மாலை சன்னலருகே நின்று நீ சிரித்தபோது, உன் மேல் முன்பற்களின் விளிம்பு வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்ததைப் பார்த்தேன். சாப்பிட்ட கையோடு நீ குளியலறைக்குப் போவதும், குழாயை முழுவதும் திறந்துவிடுவதும் அதற்கு முன்பே என் காதில் விழுந்திருந்தன.

நீ ஊருக்குத் திரும்பிய பின், உன் பெயரைச் சொல்லாமல், நம் தெருமுனைப் பல் மருத்துவரிடம் கேட்டேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு குறையக் குறைய அமிலம் கடுமையாகும் என்றும், வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினாலே பல்லின் கடினமான மேல்பூச்சாகிய எனாமல் கரையத் தொடங்கும் என்றும், இரைப்பை அமிலத்தின் பி.எச். 1.5 முதல் 3.5 வரைதான் என்றும், அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு மேல் முன்பற்களின் உட்புறமே முதலில் அரிக்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கரைந்த எனாமல் மறுபடி வளராது; அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் வெளிப்பட்டுவிடுவதால்தான் புளிப்பும் குளிர்ச்சியும் சுரீரென்று ஏறுகின்றன. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதே, கண்ணம்மா. அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்தெடுத்துவிடும். ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுத்திரு. இதை எழுதுவதால், சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் அந்தப் பழக்கத்துக்கு நான் சம்மதிக்கிறேன் என்று எண்ணாதே. அது நிற்கும் நாள்வரை இருக்கிற பல்லாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதும் அடிக்கடி வாந்தி எடுப்பதால்தானாம். அந்த வீக்கத்தைக் கண்ணாடியில் பார்த்து, முகம் பருத்துவிட்டதென்று நீ இன்னும் குறைத்துச் சாப்பிட்டாயோ என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பல்லாவது கண்ணுக்குத் தெரிகிறது, எலும்பு தெரிவதில்லை. போன ஆண்டு ஓடும்போது உன் பாத எலும்பில் விழுந்த விரிசலுக்குக் காலணிதான் காரணம் என்றாய், நானும் நம்பினேன். மாதவிலக்கு பல மாதங்களாக நின்றிருப்பதை உன் தங்கைதான் சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே. உடலுக்குச் சாப்பாடு போதாதபோது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து மாதவிலக்கு நிற்கிறது. எலும்பைக் காக்கும் அந்த ஹார்மோன் இல்லாததால், புது எலும்பு சேர்வதைவிடப் பழைய எலும்பு கரைவது அதிகமாகிவிடுகிறது. முப்பது வயதை நெருங்கும்வரைதான் எலும்பு தன் முழு வலிமையைச் சேர்க்கும். உனக்கு இப்போது இருபத்துமூன்று. இந்த வயதில் இழப்பதைப் பிற்காலத்தில் முழுவதுமாக மீட்பது கடினம். கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. கருத்தடை மாத்திரையால் மாதாமாதம் இரத்தப்போக்கு வந்தாலும் எலும்புக்கு அது காவலாகாது. வயிறாரச் சாப்பிட்டு, எடை ஏறி, மாதவிலக்கு தானாகத் திரும்புவதே பெரிய மருந்து.

உன் அக்காள் கல்யாணத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் "பூசினாற்போல் ஆகிவிட்டாயே" என்றபோது, நான் பந்தி பரிமாறிக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டேன். அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

இந்த வாரமே அங்குள்ள பாலிகிளினிக்குக்குப் போய் எதையும் மறைக்காமல் சொல். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் கேள். சில நிமிடம் படுத்திருந்தால் போதும், வலிக்காது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போ. இது நோய், உன் குற்றமன்று. பல் மருத்துவரிடமும் காரணத்தைச் சொல்லிவிடு; தெரிந்தால்தான் அவர் சரியாக வைத்தியம் செய்ய முடியும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் எனக்குத் தெரியப்படுத்து. அன்று கடையைத் திறக்காமல் தொலைபேசியருகிலேயே இருப்பேன். கூட வரச் சொன்னால் வந்துவிடுகிறேன். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா