இந்தக் கோடையில் நெருக்கமான இணைப்பு டிக்கெட்டுகளை ஏன் மறுக்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணத்துக்கு டிக்கெட் கேட்டு வந்தவர்களில் சிலர், "போன வருஷம் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியில் போட்டுத் தந்தீர்களே, இப்போது மட்டும் ஏன் மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

காரணம், போன கோடையில் நாங்கள் செய்த ஒரு தப்பு. கைக்குழந்தையோடு நான்கு பேர் கொண்ட குடும்பம். விலை நன்றாகக் குறைகிறதே என்று இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்துக் கோத்துக் கொடுத்தோம். முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். பெட்டிகள் வந்து சேர இன்னும் 40 நிமிடம். அடுத்த கவுண்டருக்கு அவர்கள் ஓடியபோது அதை மூடியிருந்தார்கள். தாமதமானது வேறு நிறுவனத்தின் விமானம். இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. அவர்கள் கணக்கில் நான்கு பேரும் 'வரவில்லை', அவ்வளவுதான். புது டிக்கெட் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ராத்திரி முழுக்கக் குழந்தையை நாற்காலியில் படுக்க வைத்திருந்ததாக அந்த அம்மா சொன்னபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

எனவே இனிமேல் இணைப்பு விமானம் என்றால் ஒரே பி.என்.ஆர். எண்ணில்தான், அதாவது ஒரே முன்பதிவாகத்தான் போடுவோம். அப்படி இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட்தான் வேண்டும் என்றால், நடுவில் ஓர் இரவு தங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம்.

கோடையில் ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்கிறீர்கள். வெயில் ஏற ஏற மதியத்துக்கு மேல் இடிமழை மேகங்கள் திரளும். விமானங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரே வழியில் நெரிசல் ஆகும். பக்கத்தில் மின்னல் அடித்தால் தரைப் பணியாளர்களை வெளியே விடமாட்டார்கள், பெட்டி ஏற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் அப்படியே நின்றுவிடும். வெயிலே தனியாகவும் தொல்லை தரும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. மேலெழும்ப விமானம் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். 2017 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாளில், சிறிய ரக ஜெட் விமானங்கள் நாற்பதுக்கும் மேல் ரத்தாயின. அந்த வெப்பத்துக்கு மேல் அவற்றை இயக்க அனுமதி இல்லை.

ஆனால் பலரைக் குழப்புவது வேறு. கண்ணாடிக்கு வெளியே வானம் பளிச்சென்று இருக்கிறது, பலகையில் 'தாமதம்' என்று எரிகிறது. பொய் சொல்கிறார்கள் என்றே தோன்றும். உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் வேறு ஏதோ ஊரில் மழையில் மாட்டிக்கொண்டிருக்கும். குறுந்தூர விமானம் ஒன்று ஒரே நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கும். காலையில் விழுந்த அரை மணி நேரம் கரையாமல், மாலைக்குள் இரண்டு மணி நேரமாக வளர்ந்திருக்கும். அதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துபோனால், விமானம் வாசலில் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது.

அதனால்தான் விடியற்காலை விமானத்தை எடுங்கள் என்று உங்களை நச்சரிக்கிறோம். பெரும்பாலும் அந்த விமானம் முந்தின இரவே வந்து நிற்கும். அது ரத்தானாலும் அன்றைக்கே வேறு ஒன்றில் இடம் தேடலாம். கடைசி விமானம் ரத்தானால் மறுநாள்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தப்பிக்க முடியாத நாட்களும் உண்டு. 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கணினி திணறி நின்றது. ஒரே ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே பெயர்க் குறியீடு கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் (வான்பாதையைக் குறிக்கும் இடங்கள்) இருந்ததை அதனால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அல்லாடினார்கள். விடுமுறைக் காலம் என்பதால் மறுநாள், அதற்கு அடுத்த நாள் விமானங்களிலும் இடம் இல்லை.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? வரிசையில் நில்லுங்கள், நின்றுகொண்டே நிறுவனத்தின் செயலியையும் திறங்கள், எங்களுக்கும் போன் போடுங்கள். மூன்றில் எது முதலில் திறக்கிறதோ அது. பயண நாளில் டிக்கெட்டை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் விமான நிலைய ஊழியர்கள் கைக்குப் போய்விடும். எங்களால் முடிந்தது, காலி இடம் உள்ள விமானத்தைத் தேடி எண்ணைச் சொல்வது. கவுண்டரில் "ஏதாவது பண்ணுங்கள்" என்பதைவிட, "இந்த எண் விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் போடுங்கள்" என்று கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இரண்டு காரியங்களை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். ஒன்று, நிறுவனம் ரத்து செய்வதற்கு முன் நீங்களே ரத்து செய்வது. அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேட்கலாம்; நீங்கள் செய்தால் டிக்கெட் விதிப்படி பிடித்தம் போக மிச்சம்தான். இரண்டாவது, "முதல் விமானம் வேண்டாம், ரயிலில் போய் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறேன்" என்பது. முதல் கட்டத்தில் நீங்கள் ஏறவில்லை என்றால், திரும்பி வரும் பயணம் உட்பட மீதி எல்லாமே ரத்தாகிவிடும். கவுண்டரில் கேட்டு, டிக்கெட்டை மாற்றி வாங்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை.

இழப்பீடு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை எடுக்க மாட்டார்கள், கதவு திறந்த நேரம்தான் கணக்கு. அதனால் கதவு திறக்கும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மோசமான வானிலையால் தாமதம் என்றால் அந்தத் தொகை கிடைக்காது. ஆனாலும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், ராத்திரி ஆனால் தங்குமிடமும் தந்தாக வேண்டும். வவுச்சரை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், பணமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் எழுதி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணங்களுக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாத்திரை, ஒரு மாற்றுடை, சார்ஜர் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

அப்புறம் ஒன்று. எங்கள் பழைய பதிவுகள் சிலவற்றில் உங்கள் போன் எண்ணுக்குப் பதிலாக எங்கள் கடை எண்ணே இருக்கிறது. விமான நேரம் மாறினால் செய்தி எங்களுக்குத்தான் வரும், ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் நாங்கள் பார்க்க மாட்டோம். டிக்கெட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால், வெளியூரிலும் வேலை செய்யும் எண்ணாக ஒன்றை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் டிக்கெட் முகவர்கள்