அந்தப் பெரிய ஜெனரேட்டர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நீங்கள் காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் டிரெய்லருக்கு 7,000 வாட் ஜெனரேட்டர் பார்த்து வைத்திருப்பதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். அவரிடம் நேராக மறுத்துப் பேச எனக்குத் தயக்கம். அதனால் உனக்கு எழுதுகிறேன், நீ பக்குவமாக எடுத்துச் சொல்.

கூரையில் இருக்கும் ஏசியை ஜெனரேட்டரில் ஓட்டப் போகிறீர்களா, இல்லையா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏசி இல்லையென்றால் விளக்கு, தண்ணீர் பம்ப், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் 2,000 வாட் தாராளம். மைக்ரோவேவ் மட்டும் ஏமாற்றும். முகப்பில் 1,000 வாட் என்று போட்டிருந்தாலும் அது இழுப்பது 1,500 பக்கம் வரும். அந்த நேரத்தில் கெட்டிலையும் போட்டால் ஓவர்லோடு ஆகிக் கரண்ட் நின்றுவிடும்.

ஏசி வேண்டுமென்றால் கணக்கே வேறு. 13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 1,500 வாட் அளவில்தான் எடுக்கும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் இரண்டு மடங்குகூடக் கேட்கும். ஜெனரேட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது, கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் ஸ்டார்ட்டிங் வாட். தொடர்ந்து தருவது ரன்னிங் வாட். அது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மலைக்குப் போனால் இன்னொரு இழப்பும் உண்டு. காற்று மெலிந்துபோவதால் ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் சுமார் 3 சதவீத சக்தி போய்விடும். கீழே 1,800 வாட் கொடுத்தது, 2,000 மீட்டர் உயரத்தில் 1,450 கொடுத்தாலே பெரிது. அங்கே ஏசியைத் தனியாளாக அது இழுக்காது.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பெரியதாக வாங்குகிறேன் என்பார் மாப்பிள்ளை. சரி, அதை யார் தூக்குவது? அந்த ரகம் எழுபது, எண்பது கிலோ இருக்கும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்து டிரெய்லர்காரர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இருபது கிலோ சொச்சம்தான். லோடுக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு லிட்டர்கூடப் பிடிக்காத டேங்கை வைத்துக்கொண்டு, கால் லோடில் எட்டு மணி நேரம் ஓடுபவை உண்டு. அப்படி ஒரே மாடலில் இரண்டு வாங்கி, பேரலல் கிட் போட்டு இணையுங்கள். ஏசி வேண்டாத நாளில் ஒன்று போதும். ஒன்று மக்கர் செய்தாலும் இருட்டில் உட்கார வேண்டாம். ஏசியில் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் மாட்டிவிட்டால் கிளம்பும்போது இழுப்பது பெருமளவு குறையும்.

பெட்ரோலோடு கேஸிலும் ஓடுகிற மாடல் கிடைத்தால் நல்லது. கேஸில் சக்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கேஸ் கெடாது. பெட்ரோல் பழசாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும்.

புகை விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மெஷினை டிரெய்லரிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் உங்கள் பக்கமும் அடுத்தவர் பக்கமும் பார்க்காதபடி வையுங்கள். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் இழுத்துவிடாதீர்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார். குழந்தைகளோடு தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே வேண்டாம்.

ஏசியில் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு. அதில் எல்ஆர்ஏ என்று ஒரு எண் இருக்கும், கம்ப்ரஸர் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்பது அதில் தெரியும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாமென்று மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
அப்பா