பெக்கோ ஓட்டும் தம்பிமாருக்கு, ஒரு கிளாப் பற்றைக்காக

அன்பான தம்பிமாரே,

வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமெல்லாம் காணி துப்புரவாக்க உங்களைத்தானே கூப்பிடுகிறோம். போன கிழமை எங்கள் ஒழுங்கைக்கும் மண் வாரும் பெக்கோ இயந்திரம் ஒன்று வந்தது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒழுங்கை முடக்கில் நின்ற கிளாப் பற்றை, அதுதான் முள்ளுள்ள பழச்செடி, மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது இல்லை. ஓட்டிய தம்பியில் பிழை சொல்லமாட்டேன். "எல்லாத்தையும் வழிச்சு விடு" என்று காணிக்காரர்தான் சொல்லியிருந்தார்.

போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். ஊரே பற்றைக்காடு. அதற்குள் இந்தக் கிளாவை முதலில் கண்டுபிடித்தது பிள்ளைகள். கறுத்த பழம் இனிப்பு. காயென்றால் உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டும். கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடியும், உதடு பிசினாக ஒட்டும், கையெல்லாம் முள்ளுக் கீறல். பூக்கிற நாட்களில் சின்ன வெள்ளைப் பூவின் வாசம், மல்லிகை நட்டதுபோல, படலை வரைக்கும் வரும்.

அலரியும் கிளாவும் ஒரே குடும்பம். அது நஞ்சு, இது பழம். (ஆகவே பால் வருகிற செடியெல்லாம் கிளா என்று நினைத்து வாயில் வைத்துவிடாதீர்கள்.)

பற்றையே வெட்டக்கூடாது என்று சொல்ல வரவில்லை. குளக்கட்டில் நின்றால் வெட்டத்தான் வேண்டும், வேர் ஓடினால் கட்டுக்குக் கேடு. வீட்டு வாசலோடு நின்றாலும் சரி, புடையன் பாம்பு வந்து படுக்கும். ஆனால் வேலியோரத்திலும் காணி மூலையிலும் நிற்பது யாருக்கு இடைஞ்சல்? கத்தியால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். முள்ளுக் கொப்பை வேலிக்குப் போட்டால் ஆடும் மாடும் கிட்ட வராது. உங்கள் வாளி வேரோடு வழித்துவிட்டால் அப்புறம் கொண்டைக்குருவி பழம் தின்று எச்சமிட்டு, விதை முளைத்து, அது காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வேலைக்கு இறங்குமுன் அந்த ஊரில் வயதான ஒருவரிடம் "எதை விட வேணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

எங்கள் முடக்கில் ஒரு வேர்த்துண்டு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குத் துளிர்த்தால் பக்கத்தில் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைப்பேன். கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
முடக்கு வீட்டு அக்கா