சட்டம் வரும்வரை ஆற்றுக்கு யார் காவல்? வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

கஸ்டர் காலட்டின் தேசிய வனத்தின் மேற்பார்வையாளருக்கும் திட்டப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குடியிருக்கும் தமிழன் நான். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்து சேரும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்க இந்தப் பக்கம் வரும் நம் ஆட்கள், வழியில் நின்று படம் எடுக்கும் ஆறுகளின் நிலைமையையும் தெரிந்துகொள்ளட்டுமே என்று தமிழிலும் எழுதுகிறேன்.

இயல்பாக ஓடும் ஆறுகளைக் காக்க 1968இல் வந்த ‘வைல்டு அண்ட் சீனிக் ரிவர்ஸ்’ சட்டத்தில் ஓர் ஆறு சேர்ந்துவிட்டால், அதில் புதிய அணைக்கு உரிமம் தர முடியாது. சேர்ப்பது பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் வேலை. அதற்கு முந்தைய படி உங்கள் கையில் இருக்கிறது. தடையில்லாமல் ஓடும் ஆறா, மீனோ காட்சியோ வரலாறோ ஏதாவது ஒரு தனிச்சிறப்பு உண்டா என்று பார்த்து, ‘தகுதியுள்ளது’ என்று நீங்கள் பட்டியலில் எழுதுகிறீர்கள். 2022இல் வந்த உங்கள் வனத் திட்டத்தில் அப்படிப் பல ஆறுகள் இடம்பெற்றன. அவற்றில் காலட்டின், மேடிசன் போன்றவற்றை நிரந்தரமாகக் காக்கும் மசோதா 2020 முதல் நாடாளுமன்றத்துக்கு வந்தும் சட்டமாகவில்லை.

சிக்கல் இந்தக் காத்திருப்பில்தான். நாடாளுமன்றமே ஆய்வு செய்யச் சொன்ன ஆறு என்றால், ஆய்வுக் காலத்திலும் சட்டம் அணையைத் தடுக்கும். நீங்களாகக் கண்டெடுத்த ஆற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. பெரும்பாலும் உங்கள் துறையின் 1909.12 எண் திட்டமிடல் கையேட்டின் 80ஆம் அத்தியாயமும் வனத் திட்டமும்தான் அதற்குத் துணை.

கிழக்கு ரோஸ்பட் ஓடையை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அது தகுதிப் பட்டியலில் இருந்தபோதே ஒரு தனியார் நிறுவனம் அங்கே நீர்மின் நிலையம் கட்டக் கிளம்பியது. உரிமம் தருவது கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் பட்டியல் அதன் கையைக் கட்டாது. பள்ளத்தாக்கு மக்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதால்தான் திட்டம் கைவிடப்பட்டது. 2018 ஆகஸ்டில் தனிச் சட்டம் வந்து சுமார் 20 மைல் நீளத்தைக் காப்பாற்றியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் மேற்கு ரோஸ்பட்டில் 1920களிலேயே மிஸ்டிக் ஏரி அணை வந்துவிட்டது. ஒரு மலைமுகடு தாண்டினால் இரண்டு விதமான ஆறு.

அணை வந்தால் ஊரே திரண்டுவிடும் என்பதால் அதுகூட எனக்குப் பெரிய பயமில்லை. சின்னச் சின்ன வேலைகள்தான் கவலை. 2022 ஜூன் வெள்ளம் சாலைகளையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போனது. அப்படி ஒரு வெள்ளம் வடிந்ததும் கரையில் பாறாங்கல் கொட்டி அடுக்கச் சொல்லி எல்லாப் பக்கமிருந்தும் கோரிக்கை வரும். வீடு போகப்போகிறவரிடம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அது நியாயமான கேள்விதான். ஆனால் தடையின்றி ஓடுவது என்றால் என்ன என்று சொல்லும் சட்ட வரையறையே அணை, நீர் திருப்பல், ஆற்றை நேராக்குதல் ஆகியவற்றோடு இந்தக் கல் அடுக்குவதையும் மாற்றமாகத்தான் சொல்கிறது. இங்கே நூறடி, அங்கே நூறடி என்று போனால், பத்து வருடம் கழித்து வரும் அதிகாரி பார்த்துவிட்டு, ‘இது இயல்பாக ஓடும் ஆறே இல்லையே’ என்று பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். காவல்காரர் அசந்த நேரத்தில் நடந்த சேதத்துக்கு ஆறு தண்டனை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

அதனால்தான் கேட்கிறேன்: பட்டியலில் சேர்த்த அன்று ஒவ்வொரு ஆறும் எப்படி இருந்தது என்ற கணக்கு எங்கே? எந்தக் கரையில் கல் இருந்தது, கட்த்ரோட் ட்ரவுட் மீன் எந்தப் பகுதியில் எவ்வளவு இருந்தது, கோடையில் நீரின் வெப்பம் என்ன? இதெல்லாம் ஒரே இடத்தில், பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘சிறப்பு கெடவில்லை’ என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் எழுதினால், எதோடு ஒப்பிட்டு எழுதினீர்கள்?

அப்புறம், தகுதியுள்ள ஆற்றுக்கு நீங்கள் காப்பு தரும், கரைக்கு இருபுறமும் கால் மைல் என்ற எல்லை. காலட்டின் ஆற்றில் பிக் ஸ்கை ஊர் அருகே 2018 முதல் பல கோடைகளில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. பாசிக்குத் தீனியாகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உங்கள் கால் மைலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தனியார் நிலத்தில் உங்களுக்கு அதிகாரம் இல்லை, சரி. மாநிலத்தின் நீர்த்தர விசாரணைகளில் வனத்துறை தன் கருத்தை எழுத்தில் கொடுப்பதற்கு அதிகாரம் எதற்கு?

இன்னொன்று: ‘தகுதி’க்கு அடுத்த படியான, ஆற்றைச் சட்டத்தில் சேர்ப்பது பொருத்தமா என்று பார்க்கும் ‘பொருத்தம்’ ஆய்வு. அதில் பொருத்தமில்லை என்று முடிவானால் இடைக்காலக் காப்பும் போய்விடும். யாரோ ஒரு திட்டத்தோடு கதவைத் தட்டுகிறார் என்பதற்காக மட்டும் அந்த ஆய்வை எடுக்காதீர்கள். எடுப்பதென்றால் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லி, முழு ஆற்றையும் பார்த்து எடுங்கள்.

உங்கள் திட்டமிடல் விதிப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கண்காணிப்பு அறிக்கை வெளியிட வேண்டும். அடுத்த அறிக்கையில் தகுதியுள்ள ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: அந்த இரண்டு ஆண்டில் கால் மைலுக்குள் வந்த விண்ணப்பங்கள், அனுமதித்தவை, மறுத்தவை, ஒவ்வொன்றுக்கும் காரணம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், வாஷிங்டனின் ஒப்புதலும் வேண்டாம்.

அன்புடன்,
மொன்டானாவில் வசிக்கும் ஒரு தமிழன்