ஸ்கேன் அறை ஊழியர்களின் பணிச்சோர்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்கள், செவிலியர்களின் பணிச்சுமை பற்றி அவ்வப்போது எழுதப்படுகிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுகளில் வேலை செய்பவர்களைப் பற்றி அரிதாகவே பேச்சு வருகிறது. பல ஆண்டுகளாக இந்தப் படங்களை எடுக்கும் ரேடியோகிராபராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இன்றைய சி.டி. இயந்திரம் ஒருவரின் மார்பைச் சில விநாடிகளில் படம் பிடித்துவிடுகிறது. நேர அட்டவணை போடுபவர்கள் அந்த விநாடிகளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த முதியவரை, சலைன் குழாயும் சிறுநீர்ப் பையும் இழுபடாமல் ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்றவும், படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுமுன் ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் சீராக இருக்கிறதா என்று விசாரிக்கவும், நரம்பு பிடிபடாத கையில் ஊசி போடவும் அன்று எவ்வளவு நேரம் ஆனதோ இன்றும் அவ்வளவு நேரம் ஆகிறது. இயந்திரத்தால் மிச்சமான நேரமெல்லாம் அடுத்தடுத்த நோயாளிகளின் பெயர்களாகப் பட்டியலில் ஏறிவிட்டது.

கதிர்வீச்சைத் தடுக்க நாங்கள் அணியும் ஈய அங்கியின் பாரமும், அல்ட்ராசவுண்ட் செய்பவர்களின் தோள்வலியும் ஒருபுறம் இருக்கட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் நுரையீரல் கட்டி தெளிவாகத் தெரிகிறது, உள்ளே போய் நோயாளியை மேசையிலிருந்து இறக்கிவிடும்போது, காலால் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிறார். "ரிப்போர்ட் பார்த்துட்டு டாக்டர் சொல்வாருங்க" என்கிறேன். அந்த விதி சரியானதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே முகத்தோடு உடனே அடுத்தவரை அழைக்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், திறம்படச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இரண்டாவதை நான் என்னிடமே கண்டேன். ஒருநாள் நோயாளியின் பெயரைச் சொல்லாமல், "அந்த முழங்காலை உள்ளே அனுப்புங்க" என்றேன். வாசலில் நின்ற அந்த அம்மாள் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எக்ஸ்ரே படத்தில் வலது, இடது குறியீட்டை மாற்றி வைக்கும் தவறும் இத்தகைய களைப்பில் நேரக்கூடியதே.

நாங்கள் மார்பில் அணியும் பேட்ஜ் எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கிறது. அந்த அளவு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்ற சர்வதேசப் பரிந்துரையும் இருக்கிறது. ஒருவர் ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகளைக் கையாளலாம் என்பதற்கும் மருத்துவமனைகள் அப்படியொரு வரம்பை வகுக்க வேண்டும். நோயாளி அறைக்குள் வருவது முதல் வெளியேறுவது வரையிலான நேரத்தை வைத்து அட்டவணை போட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போர்ட்டபிள் எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிச் செல்லும் இரவுப் பணியில் ஒருவரை மட்டும் விடாமல் இருவரை நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர்