சைக்கிள் படம் போட்ட தாள்

தம்பி,

பொங்கலுக்கு வந்துவிட்டு நீ பெங்களூர் கிளம்பின மறுநாள், விட்டுப்போன ஜீன்ஸைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் வெள்ளித்தாளில் மடித்து ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு, மேலே குட்டியாக ஒரு சைக்கிள் படம். பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் என்று நினைத்துத் திருப்பினால் பின்னால் பசை இல்லை. உன் அக்காவிடம் காட்டினேன், அவள் முகம் போன போக்கில்தான் எனக்கு விளங்கியது. எல்எஸ்டி ஸ்டாம்ப், இல்லாததைக் கண்ணுக்குக் காட்டுகிற போதை மருந்தைத் தடவின தாள்.

அன்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சைக்கிள் என்ன தெரியுமா? 1943 ஏப்ரல் 19 அன்று, இதைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் ஹாஃப்மன் கால் மில்லிகிராம் குடித்துப் பார்த்துவிட்டு, தலை சுற்றி, பாசல் நகரத்தில் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது, உயிர் போகப்போகிறது என்றே பயந்தார். அவரிடம் இருந்தது சுத்தமான மருந்து, அளவும் தெரியும், கூடவே உதவியாளர் வந்தார். அவருக்கே அந்தக் கதி. உன் தாளில் என்ன தடவியிருக்கிறது என்று விற்றவனுக்காவது தெரியுமா? எல்எஸ்டி என்று சொல்லி என்-பாம் என்ற வேறு ரசாயனத்தைத் தடவி விற்கிறார்கள், அதில் வலிப்பு வந்து செத்தவர்கள் உண்டு. நாக்கில் வைத்துவிட்டால் பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது விட்டபடிதான், வேண்டாம் என்று இறங்க முடியாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் உன் மாமாவை நினைத்துத்தான். நரம்புத் தளர்ச்சி என்று உன்னிடம் மழுப்பிவிட்டோம், தப்பு எங்களுடையது. அது மனச்சிதைவு நோய். அவனுக்கு 22 வயதில் வந்தது. ஃபேனுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று மே மாத வெயிலில் அதை அணைத்துவிட்டு, சட்டை நனைய நனைய மூலையில் உட்கார்ந்திருப்பான். நான் சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் முதல் கவளத்தை என்னைத் தின்னச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பான். நெருங்கின சொந்தத்தில் இந்த நோய் இருந்தால், இந்த மாதிரி போதை அதைக் கிளப்பிவிடலாம் என்கிறார்கள் டாக்டர்கள். உனக்கு இப்போது 23, ராசா.

போலீஸ் விஷயம் வேறு. சட்டப்படி இதில் 2 மில்லிகிராம் வரைதான் சிறிய அளவு, 100 மில்லிகிராமைத் தாண்டினால் குறைந்தது 10 வருட ஜெயில், ஜாமீனும் லேசில் கிடைக்காது. தாளின் எடையையும் சேர்த்துப் பார்த்த வழக்குகள் இருக்கின்றன. நண்பனுக்காக வாங்கி வைத்தேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

தாளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல். இதுவரை எத்தனை தடவை என்று எனக்கு மறைக்காமல் எழுது. எப்போதாவது கண்ணுக்கு ஏதோ தெரிகிறது, மனசு கலங்குகிறது என்றால் தனியாக இருக்காதே, மாடிக்கோ ரோட்டுக்கோ போகாதே, 108-க்குப் போன் போடு, அப்புறம் எனக்கு. ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அம்மா